மட்டியா, ஏத்தனா? அதைச் சொல்லாமல் கலோரி கேட்காதீர்கள்

எடை குறைக்கப் போகிறேன் என்று நாகர்கோவிலில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் அறிவுரை "பழத்த விட்டுருங்க" என்பதாகத்தான் இருக்கும். பழம் என்றால் இங்கே வாழைப்பழம். சோற்றைக் குறைப்பது, பரோட்டாவை நிறுத்துவது எல்லாம் அதற்குப் பிறகுதான். எனக்கு இதைச் சொன்ன ஆபீஸ் நண்பர் அப்போது டீக்கடையில் இரண்டாவது ஏத்தம்பழ (நேந்திரம்பழ) பஜ்ஜியைக் கடித்துக்கொண்டிருந்தார். பஜ்ஜிக்குள் இருக்கும் பழம் அவர் கணக்கில் பழமாகத் தெரியவில்லை.

நான் விடவில்லை. விடச் சொல்லி டாக்டரும் சொல்லவில்லை. போன வருடம் எடை 82 கிலோ, மூன்று மாதச் சர்க்கரை அளவு (எச்பிஏ1சி) 6.0. 5.7லிருந்து 6.4 வரை எல்லைக்கோடு என்பார்கள். நான் நடுவில் நின்றேன். "நடங்க, எடையக் குறைங்க, சீனி வேண்டாம், பழம் அளவா சாப்பிடுங்க" என்று சீட்டில் எழுதிக்கொடுத்தார். எனக்குத் தொழில் வரிக்கணக்கு எழுதுவது. "அளவா" என்று ஒரு தொகையை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

மகள் போனில் ஒரு கலோரி ஆப் போட்டுத் தந்தாள். அதில் வாழைப்பழம் என்று தேடினால் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்றே வகை. நடுத்தரப் பழம் 118 கிராம், 105 கலோரி. இது அமெரிக்க அட்டவணையில் இருக்கும் கணக்கு. அவர்கள் கடையில் விற்பது பெரும்பாலும் கேவண்டிஷ் என்ற ஒரே இனம்; அதனால் பழத்துக்குப் பழம் பெரிய வித்தியாசம் இருக்காது. நம் வடசேரி சந்தையில் அப்படியா? மட்டி, பாளையங்கோட்டான், ரசகதலி, செந்துளுவன், பேயன், சிங்கன், ஏத்தன், ரொபஸ்டா என்று ஒரே கடையில் வரிசையாகத் தொங்கும். மட்டியை மூன்று கடியில் முடித்துவிடலாம். நல்ல ஏத்தன் ஒன்று தின்றால் மத்தியானச் சோறு பாதிதான் இறங்கும். இரண்டையும் "ஒரு பழம்" என்று எழுதினால் என் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார்.

ஆகவே ஒரு சமையலறைத் தராசு வாங்கினேன். தோலை உரித்துவிட்டு நிறுத்துப் பார்ப்பதுதான் முக்கியம். தோலே மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை வரும். கடையில் ஒரு கிலோ வாங்கினால் வாய்க்குள் போவது 650, 700 கிராம்தான். வீட்டில் நிறுத்த வரையில், உரித்த மட்டி 40 கிராம் பக்கம் வருகிறது. பாளையங்கோட்டான் (திருச்சிப் பக்கம் பூவன் என்பார்கள்) 60 கிராம். ரொபஸ்டா 110, 120. செந்துளுவன், அதாவது செவ்வாழை, 140 வரை போகும். ஏத்தன் ஒன்று 170ஐத் தாண்டியது.

கலோரி? ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையில் பூவன், செவ்வாழை, ரொபஸ்டா, மொந்தன் என்று தனித்தனியாகவே பார்த்திருக்கிறார்கள். ஆனால் அன்றாடக் கணக்குக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம். 100 கிராம் பழச் சதைக்கு 100 கலோரி என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்கிலேயே முடிந்துவிடும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் குடி முழுகாது. ஏத்தனுக்கு மட்டும் 120 என்று போடுகிறேன், அதில் மாவு அதிகம். அப்படிப் பார்த்தால் மட்டி 40 கலோரி, பாளையங்கோட்டான் 60, ஏத்தன் 200. ஐந்து மடங்கு வித்தியாசம்! ஆப் அத்தனையையும் 105 என்று எழுதுகிறது.

மட்டி பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் ஊர்க்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. கன்னியாகுமரி மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்குளம், விளவங்கோடு பக்கத்து மண்ணில் வருகிற ருசி வேறு எங்கேயும் வருவதில்லை என்பது எங்கள் நம்பிக்கை. குழந்தைக்கு முதன்முதலில் ஊட்டும் பழமும் அதுதான். எடை குறைக்கிறவர்களுக்கு மட்டியைப் போல வசதி எதுவும் இல்லை என்பேன். ஒன்று தின்று ஆசை தீரவில்லை என்றால் இன்னொன்றும் தின்னலாம். அப்போதும் 80 கலோரிதான். இரண்டு பழம் தின்ற திருப்தி வேறு. விலை கொஞ்சம் அதிகம், அதுவும் ஒரு வகையில் நல்லதுதான்.

கனிவைப் பற்றியும் நிறையக் குழப்பம் இருக்கிறது. நன்றாகக் கனிந்து தோல் கறுத்த பழத்தில் கலோரி கூடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். காயில் இருக்கும் மாவுச்சத்துதான் பழுக்கும்போது சர்க்கரையாக மாறுகிறது. பச்சைக் காயின் சதையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மாவு இருக்கும், பழுத்து முடியும்போது அது ஒன்றிரண்டு சதவீதத்துக்கு இறங்கி, அந்த இடத்தில் சர்க்கரை உட்கார்ந்துவிடும். மொத்தக் கலோரி பெரிதாக மாறாது. மாறுவது ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம். அரைப்பழமாக இருக்கும்போது அந்த மாவில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்விடும், நார்ச்சத்து மாதிரி. என்னைப் போல எல்லைக்கோட்டில் நிற்கிறவர்களுக்கு, காம்பில் லேசாகப் பச்சை ஒட்டியிருக்கும் பழம் நல்லது. எடை மட்டும்தான் கவலை என்றால், கறுத்த ஏத்தனையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். அந்தத் தேன் மாதிரி இனிப்பு வேறு எந்தப் பக்குவத்திலும் கிடைக்காது.

சரி, இப்போது வீட்டுச் சண்டைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு பாளையங்கோட்டான். தாத்தா காலத்திலிருந்து வருகிற பழக்கம். நான் அதை நிறுத்தியதும் அம்மாவுக்கு வந்த கோபம், நான் சோற்றை நிறுத்தியிருந்தால்கூட வந்திருக்காது. "ராத்திரி ஒரு பழம் தின்னாத்தான் காலையில வயிறு ஒழுங்கா போவும் மக்களே" என்றார். நான் 60 கலோரி என்றேன். "அறுவதுதானே" என்றார்.

அறுபதுதான். ஆனால் அது வயிறு நிறைந்த பிறகு, எதையும் குறைக்காமல், மேலே போய்ச் சேருகிற அறுபது. வருடத்துக்கு 21,900. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்று பொதுவாகச் சொல்லும் கணக்கில் போட்டால் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. உடம்பு பேரேடு மாதிரி இவ்வளவு கச்சிதமாக வரவு வைப்பதில்லை என்று எனக்கும் தெரியும். எடை கூடக்கூட செலவும் கூடும், பசியும் மாறும். ஆனாலும் எந்தத் திசையில் இழுக்கும் என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது.

நார்ச்சத்து விஷயத்திலும் அம்மா பழத்துக்குத் தகுதிக்கு மீறிய பதவி கொடுத்திருக்கிறார். வாழைப்பழத்தில் 100 கிராமுக்கு இரண்டரை கிராம் சொச்சம் நார்தான். ஒரு பாளையங்கோட்டானில் ஒன்றரை கிராம். ஒரு நாளைக்கு 25, 30 கிராம் வேண்டும் என்கிறார்கள். மிச்சத்தைக் கீரையும் பயறும் வாழைத்தண்டுத் துவரனும் (தேங்காய் போட்ட பொரியல்)தான் தர வேண்டும். ஏத்தங்காய்த் தோலைப் பொடியாக நறுக்கிச் சிறுபயறோடு சேர்த்துத் துவரன் வைப்பார்களே, வயிற்றுக்கு அதைவிட நல்லது ஒன்று உண்டா? அம்மாவே அதில் கெட்டிக்காரி. ஆனால் பழத்தின் பெருமையை விட்டுக்கொடுக்க மாட்டார்.

நான் செய்தது பழத்தின் நேரத்தை மாற்றியதுதான். பதினொன்று மணிக்கு ஆபீஸில் டீயோடு ஒரு உளுந்த வடையோ நாலு பிஸ்கட்டோ போகும். மேரி மாதிரிச் சாதாரண பிஸ்கட்டே ஒன்று 25 கலோரிக்குப் பக்கம். அந்த இடத்தில் இரண்டு மட்டியோ ஒரு ரொபஸ்டாவோ வைத்தேன். கலோரியில் பார்த்தால் பெரிய லாபம் இல்லை, கிட்டத்தட்டச் சமம்தான். ஆனால் பிஸ்கட் தின்றால் பன்னிரண்டரைக்கே பசிக்கும், பழம் தின்றால் ஒன்றரை வரை தாங்குகிறது. டீயில் சீனியையும் விட்டேன். ஒரு ஸ்பூனுக்கு 20 கலோரி என்று பார்த்தால் பழத்துக்கு அங்கேயே கொஞ்சம் இடம் கிடைத்துவிட்டது.

காலையில் புட்டு இருந்தால் பயறு, பப்படம், பழம் மூன்றும் உண்டு. இதில் எதையும் நான் வெட்டவில்லை. புட்டை மட்டும் பாதிக் குழல் ஆக்கினேன், பயறை இரட்டிப்பாக்கினேன், சீனி தூவுவதை நிறுத்தினேன். பழத்தைப் பிசைந்த பிறகு சீனி எதற்கு?

2024இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் 2,000 கலோரித் தட்டு ஒன்று இருக்கிறது. அதில் பழத்துக்கு ஒதுக்கியிருப்பது 100 கிராம், காய்கறிக்கு 400. பழம் கெடுதல் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் காய்கறியில் கால்வாசிதான். நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாகவே இருக்கிறது. "இன்னைக்குப் பழம் சாப்பிட்டாச்சு" என்று சொல்லிக் கூட்டை ஒதுக்குகிறோம்.

உண்மையில் கவனிக்க வேண்டியது, வாழைப்பழம் வேறு வேஷம் போட்டு வரும் இடங்களை. ஏத்தங்காய் சிப்ஸ் 100 கிராமுக்கு 500 கலோரிக்கு மேல். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. சீவல் எவ்வளவு மெலிசோ அவ்வளவு எண்ணெய் குடிக்கும். தேங்காய் எண்ணெய் நல்லது என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம், கலோரிக்கு அது தெரியாது. பஜ்ஜியும் அப்படித்தான். பழ சர்பத்தில் மசித்த பழத்தைவிடச் சீனிப்பாகுதான் அதிகம். கல்யாண வீட்டில் பிரதமனில் (பாயசத்தில்) பழத்தைப் பிசைந்து பப்படத்தை நொறுக்கிப் போட்டு வழித்துச் சாப்பிடுவதை நான் இன்னும் விடவில்லை, விடப்போவதும் இல்லை. அன்றைக்கு ஆப்பைத் திறப்பதில்லை. மாதத்தில் ஒரு கல்யாணம் என்றால் பரவாயில்லை. ஆவணி, தை வந்தால்தான் கஷ்டம்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. காலையில் பழம் மட்டும் தின்றால் எடை கொட்டும் என்கிறவர்கள். 2008இல் ஜப்பானில் இப்படி ஒரு காலை வாழைப்பழ டயட் பரவி, கடைகளில் பழமே கிடைக்காமல் போனது. பழத்துக்கு அப்படி ஒரு மந்திரம் கிடையாது. 100 கிராமில் புரதம் ஒரு கிராம்தான். காலைச் சாப்பாடே இரண்டு பழம் என்றால் பத்து மணிக்குக் கை தானாக வடையைத் தேடும். ஒரு முட்டையோ கொஞ்சம் சுண்டலோ கூட இருந்தால் சரி.

ஒரு எச்சரிக்கை. சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்கள் இந்தக் கணக்கு எதையும் பின்பற்றாதீர்கள். வாழைப்பழத்தில் பொட்டாசியம் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் பக்கம் இருக்கிறது. நமக்கு நல்லது, அவர்களுக்கு ஆபத்து. என் சித்தப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியபோது டாக்டர் கறாராகச் சொன்னது பழத்தைப் பற்றித்தான். பார்க்கப் போகிறவர்கள் ஒரு சீப்போடு போவதும், சித்தி அதை அப்படியே அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதும் வாடிக்கையாகிவிட்டது.

இப்போது எடை 75. இது பழத்தால் வந்தது என்று சொன்னால் பொய், முக்கியமாக நடையாலும் ராத்திரிச் சோற்றைக் குறைத்ததாலும் வந்தது. பழத்தை விடாமலே வந்தது என்பதுதான் நான் சொல்ல வருவது. எச்பிஏ1சி 5.6. டாக்டர் மறுபடியும் "அளவா" என்றுதான் எழுதியிருக்கிறார்.

கணக்கில் அடங்காத ஒரே சிக்கல், குலை. திருவட்டாரில் மச்சினனுக்குக் கொஞ்சம் வாழை இருக்கிறது. வெட்டினால் ஒரு குலை எங்களுக்கு. மட்டிக் குலை என்றால் நூறு பழத்துக்கு மேல், எல்லாம் ஒரே வாரத்தில் பழுக்கும். ஒன்று பழுத்தால் அதிலிருந்து வருகிற எத்திலீன் வாயு பக்கத்தில் இருப்பதையும் பழுக்க வைத்துவிடும். வீணாகிறதே என்று தின்று தீர்க்கிற கலோரிதான் மோசமான கலோரி. வந்த அன்றைக்கே சீப்புகளைப் பிரித்து வெவ்வேறு அறையில் வைக்கிறோம். நாலு சீப்பு தெருவுக்கு, ஒன்று ஆபீஸுக்கு. முற்றும் பழுத்ததை ஃப்ரிட்ஜில் வைத்தால் தோல் கறுக்கும், உள்ளே கெடாது. மகள் உரித்து வட்டமாக நறுக்கி ஃப்ரீசரில் உறைய வைத்து மிக்சியில் அடிக்கிறாள். பாலும் வேண்டாம் சீனியும் வேண்டாம், ஐஸ்கிரீம் மாதிரியே வருகிறது. ஒரு கிண்ணம் 100 கலோரி.

நேற்று மச்சினன் போன் பண்ணினான். அடுத்த வாரம் ஏத்தன் குலையாம். மனைவி இப்போதே எதிர்வீட்டுக்காரர்களிடம் சொல்லிவைத்துவிட்டாள். அம்மா சிப்ஸுக்கு எண்ணெய் வாங்கச் சொல்கிறார்.