கால் கட்டும் ஏக்கர் நகரமும்

ஜூன் 3
மழை. மச்சான் பழைய லேப்டொப்பைக் கொண்டாந்து வச்சிட்டுப் போனான். உள்ள ஒரே ஒரு கேம், அசாசின்ஸ் கிரீட். 2007ல வந்த முதலாவது.

ஜூன் 4
டமாஸ்கஸ்ல ஒரு கோபுரத்துல அல்தாயிர் ஏறுறான், கேம்ல நாம ஆட்டுற கொலைகாரன். ஜன்னல் விளிம்பு, கல் இடுக்கு, நீட்டிக்கிட்டு நிக்கிற மரக்கட்டை, எதைத் தொட்டாலும் பிடி கிடைக்குது. உச்சியில குந்தி ஊரை ஒரு சுத்துப் பார்த்துட்டு வைக்கோல் வண்டிக்குள்ள பாய்றான். ஒரு கீறல் இல்லை. உடைஞ்ச காலோட எனக்கு வாசல் ஸ்தோப்புப் படி மூணு. மூணே மூணு.

ஜூன் 6
சப்டைட்டில் இல்லை. தகரத்துல மழை அடிக்கிற அடியில பேச்சு கால்வாசிதான் காதுல விழுது, தாண்டிப் போகவும் விடமாட்டேங்குது. அவன் போற ஊரை 'ஏக்கர்'னு கேட்டு, ஏதோ காணித் தகராறுன்னு ரெண்டு நாளா நினைச்சேன். 1191, சிலுவைப் போர், இங்கிலாந்து ராஜா ரிச்சர்ட் பிடிச்ச துறைமுகம். அரபில அக்கா.

ஜூன் 7
ராத்திரி பூரா கால் கடுப்பு.

ஜூன் 9
கொல்ல வேண்டியது ஒன்பது பேர். ஒவ்வொருத்தனுக்கும் அதே வேலை: கோபுரம் ஏறு, பெஞ்சுல உக்காந்து ஒட்டுக்கேளு, மடியில கை விட்டுத் திருடு, ஒருத்தனைச் சந்துக்குள்ள தள்ளி அடிச்சுக் கேளு. அம்மா தேயிலை மலையிலேருந்து வந்து கொழுந்துக் கூடையை இறக்கிட்டு எட்டிப் பார்த்துச்சு. "இவனுக்கும் தெனம் ஒரே மலையாடா?"

ஆனா கூட்டத்துல நடக்கிறது இருக்கே, அது தனி. வெள்ளை அங்கிக்காரங்க நாலு பேர் நடுவுல தலையைக் குனிஞ்சு, கையைக் கூப்பி, ஒவ்வொரு அடியா. காவல்காரன் முகத்தைப் பார்க்கிறான், ஆளைப் பார்க்கல. ஓடினா மாட்டிக்குவோம். அந்த நடைக்காகவே இன்னும் நாலு தடவை விளையாடுவேன்.

கார்னியேன்னு ஒரு ஆஸ்பத்திரித் தலைவன். தப்பி ஓடின நோயாளியைப் பிடிச்சுக் கொண்டாந்து ரெண்டு காலையும் உடைங்கடான்றான். இது மட்டும் சப்டைட்டில் இல்லாம நல்லா வெளங்குச்சு.

ஜூன் 10
கரன்ட் இல்லை.

ஜூன் 13
இந்த ஆளுக்கு நீச்சல் தெரியாது! கோட்டை மதிலேறுவான், தண்ணியில விழுந்தா செத்தான். ஏக்கர் துறைமுகத்துல அந்த ஒன்பதுல ஒருத்தன் சிப்ராண்டைத் தேடித் தூணுக்குத் தூண், படகுக்குப் படகு தாவணும். பக்கத்துல நிக்கிற குடிவெறிக்காரன் ஒரு தள்ளு தள்ளினா முதல்லேருந்து. பதினொரு தடவை செத்தேன். இது கஷ்டமில்லை, அநியாயம்.

மவுசாகலை நீர்த்தேக்கம் நிறைஞ்சிருக்காம். அதுக்குள்ள முங்கின பழைய மஸ்கெலியாக் கோயில் இனி வெயில் காலத்துலதான் தலையைக் காட்டும்.

கால் எலும்பு கூடலைன்னா உள்ள பிளேட் வைக்கணும்னாங்க.

ஜூன் 16
வாளை எடுத்து மறிச்சுக்கிட்டு நின்னா போதும். சுத்தி எட்டுப் பேர் நின்னாலும் பெரும்பாலும் ஒவ்வொருத்தனா முறை வச்சு வர்றான். சரியான நேரத்துல ஒரு பட்டன், செத்தான். அப்புறம் எதுக்கு ஒளியணும்? நான்தான் பிடிவாதமா ஒளிஞ்சு விளையாடுறேன், கேம் அதைக் கேக்கவே இல்லை.

பிளேட் வச்சா எத்தனை மாசம்?

ஜூன் 17
தங்கச்சி மாவுக்கட்டுல அவ பேரை எழுதிட்டா.

ஜூன் 22
அர்சூஃப் போர்க்களம். ஒளிய ஒரு மூலையும் இல்லை, படையோட நேருக்கு நேர் வெட்டு. இத்தனை நாள் பழகின நடை இங்க ஒண்ணுக்கும் ஆகல. யாரைக் கேட்டு இப்படி மாத்தினாங்க?

ஜூன் 23
நாளைக்குக் கிளினிக். முதல் பஸ். கீழ் ரோட்டுக்கு அறுபத்திரண்டு படி, மழை விட்டபாடில்லை. என்னைத் தூக்கிட்டு வந்தா அம்மாவுக்கு ஒரு நாள் பேர் விழாது, அன்னைக்குச் சம்பளம் இல்லை. அல்தாயிர் வாளைப் பிடிச்சபடி அப்படியே நிக்கிறான்.