டோக்கலாவ்: ஊபின் அளவு நிலம், மூவார் வரை கடல்

சிங்கப்பூரின் சிறுதீவான புலாவ் ஊபினைப் பொடிப்பொடியாக நொறுக்கி, மூன்று வளையங்களாக்கி, சிங்கப்பூருக்கும் மலேசியாவின் மூவார் நகருக்கும் உள்ள தொலைவில் கடலில் பரப்பினால் ஏறக்குறைய டோக்கலாவ் கிடைக்கும். அட்டாஃபு, நுகுனோனு, ஃபகாவோஃபோ ஆகிய மூன்று பசிபிக் பவளத்தீவுகள். மக்கள் சுமார் 1,500 பேர். நியூசிலாந்தின் ஆட்சிப்பகுதி, நியூசிலாந்து டாலர்தான் நாணயம். நியூசிலாந்தில் வாழும் டோக்கலாவ் மக்களோ இதைப்போல் பல மடங்கு.

விமான நிலையம் கிடையாது. சிங்கப்பூரிலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் பத்து மணி நேரம், அங்கிருந்து சமோவாவின் ஆப்பியாவுக்கு நான்கு மணி நேரத்துக்குள். அதன்பின் வடக்கே 500 கிலோமீட்டர் கப்பல். ஒரு பகலும் இரவும் பிடிக்கும், கூடவும் ஆகும். கப்பலில் இடம் கிடைத்தால் மட்டும் போதாது. தீவுக்குள் நுழைய முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், தங்குமிடமும் உறுதியாகியிருக்க வேண்டும். துறைமுகமும் இல்லை. கப்பல் பவளத்திட்டுக்கு வெளியே நிற்க, திட்டில் வெட்டிய கால்வாய் வழியாகப் படகில்தான் ஆளும் அரிசி மூட்டையும் கரை சேரும். அலை பெரிதானால் படகு இறங்காது, காத்திருக்கத்தான் வேண்டும்.

ஊபினுக்குக் கருங்கல் உண்டு. இங்கே பவள மணல் மட்டுமே, உயரம் ஐந்து மீட்டரைத் தாண்டாது. ஆறில்லை. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கிறார்கள். மணலுக்கடியில், உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலம் வரை குழி வெட்டி, இலைதழை போட்டு மக்கவைத்து, சேம்பு இனமான புலாகாவை நடுவார்கள். புயலலை ஒருமுறை குழிக்குள் ஏறிவிட்டால் உப்பு எளிதில் போகாது; கிழங்கு அழுகிவிடும். தென்னையும் ஈரப்பலாவும் மீனும்தான் பிறகு கைகொடுக்கும்.

மீன் என்றதும் 'இனாட்டி'யைச் சொல்லாமல் தீராது. ஊர்ப் பொதுவாகப் பிடித்த மீனைக் கரையில் குவித்து, ஒவ்வொரு குடும்பக் குழுவிலும் எத்தனை பேர் என்று பார்த்துப் பங்கு வைப்பார்கள். வலை வீசாத கிழவிக்கும் பங்குண்டு. சம்பளமும் கடையும் வந்த பிறகும் இது நீடிப்பதுதான் வியப்பு.

தலைநகரம் என்று ஒன்றில்லை. தீவுக்கொரு 'தௌப்புலேகா' என்னும் மூத்தோர் அவை. 'உலு' என்ற தலைமைப் பொறுப்பு ஆண்டுதோறும் தீவு மாறும். தன்னாட்சி வேண்டுமா என்று 2006-லும் 2007-லும் வாக்கெடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு தேவை. இரண்டாம் முறை 16 வாக்குகளில் தவறியது.

அங்குள்ள உறவினரை அழைப்பவர்களுக்கு: டோக்கலாவ் சிங்கப்பூரை விட ஐந்து மணி நேரம் முந்தியது. 2011 டிசம்பர் 30-ஐ அவர்கள் நாட்காட்டியில் தேடாதீர்கள். சமோவாவோடு சேர்ந்து தேதிக்கோட்டைத் தாண்டியதில் அந்த நாளே அவர்களுக்கு இல்லை.