ஸ்டென்ட் உறையிலிருந்த ஸ்டிக்கர்

சென்ற ஆண்டு அப்பாவின் இதயக் குழாயில் அடைப்பு இருப்பது தெரியவந்து, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அவருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி (அடைத்த குழாயைத் திறந்து, ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாயைப் பொருத்தும் சிகிச்சை) செய்ய முடிவானபோது, மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுக்கு வெளியே பாதி நாள் காத்திருந்தேன். இதயக் குழாய்களைப் படமாகக் காட்டும் ஆஞ்சியோகிராம் பதிவு இணைக்கப்படாததால் அனுமதிக் கோரிக்கை திரும்பி வந்திருந்தது. "அடைப்பு எத்தனை சதவீதம் என்று காப்பீட்டு நிறுவனத்தில் இருப்பவர்கள் படத்தில் பார்க்க வேண்டும் சார், டாக்டர் எழுதியது மட்டும் போதாது" என்றார் அங்கிருந்த ஊழியர். அப்போது எரிச்சலாக இருந்தது. அடுத்த சில வாரங்களில், அந்தக் கேள்வி அப்பாவுக்காகவே கேட்கப்பட்டது என்பது எனக்குப் புரிந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் பெரியப்பாவை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்து, கையிலிருந்து பணம் கட்டினோம். பஞ்சு, கையுறை, ஊசி என்று பக்கம் பக்கமாக நீண்ட பில்லில், ஒரே பரிசோதனை அடுத்தடுத்த மூன்று நாட்களிலும் இருந்தது. ஏன் என்று கேட்கும் அறிவும் தைரியமும் எங்களில் யாருக்கும் இல்லை. நோயாளியின் குடும்பத்தால் கேட்க முடியாததைக் கேட்க, மருத்துவம் தெரிந்த ஒருவர் பணம் கொடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். காப்பீட்டின் முதல் பயன் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது பயன், பேக்கேஜ் முறை. படுக்கை, அறுவை, மருந்து, உணவு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சிகிச்சைக்கு இவ்வளவுதான் என்று தொகை முன்பே தீர்மானிக்கப்பட்டிருப்பதால், தேவையில்லாத பரிசோதனையை எழுதினால் அதன் செலவு மருத்துவமனையின் தலையிலேயே விழும். சிகிச்சை முடிந்த பிறகு, பொருத்திய ஸ்டென்டின் உறையில் இருக்கும் ஸ்டிக்கரைக் கோப்பில் ஒட்ட வேண்டும். எந்த வகை, எந்த அளவு, எந்தத் தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தது என்பதெல்லாம் அந்தக் கட்டைவிரல் அகலச் சீட்டில் இருக்கிறது. ஒன்றைப் பொருத்திவிட்டு இரண்டுக்குப் பணம் கேட்க அது இடம் தராது. (ஸ்டென்ட் விலை குறைந்த பெருமை காப்பீட்டுக்கு உரியது அல்ல; 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு ஏறக்குறைய 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம்.)

ஆனால், ஒவ்வொரு அறுவைக்கும் ஒரு தொகை நிச்சயம் என்பதால், யாரும் கேள்வி கேட்காத இடத்தில் பேக்கேஜ் முறையே ஆபத்தாகிவிடும். மத்திய அரசின் முந்தைய காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், சத்தீஸ்கரிலும் பீகாரிலும் தேவையில்லாமல் பெண்களின் கருப்பை அகற்றப்பட்டதாக 2012 வாக்கில் எழுந்த புகார்களை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. அறுவைக்கு முன் ஆதாரம் கேட்பதை வெறும் காகித வேலை என்று நான் இப்போது சொல்வதில்லை.

தமிழ்நாட்டுத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, அரசு மருத்துவமனைகளுக்கும் சிகிச்சைக்கான தொகை போய்ச் சேர்வது. அதில் ஒரு பகுதி ஊழியர்களுக்கு ஊக்கத்தொகையாகவும், மீதி கருவிகளுக்கும் வசதிகளுக்கும் செலவாவதால், இன்றைய நோயாளிக்காகக் கொடுத்த பணம் நாளைய நோயாளிக்கும் பயன்படுகிறது.

தனியார் பாலிசிகளிலும் சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. மருத்துவமனைக்கு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் பதில் தர வேண்டும் என்று 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. ஆயினும், பில் வந்த பிறகு காப்பீட்டு நிறுவனங்கள் அதை ஒவ்வொரு வரியாக வெட்டுவதைச் சிக்கனம் என்று கருதும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்த வெட்டு சிகிச்சையின் விலையைக் குறைப்பதில்லை. செலவை நோயாளியின் சட்டைப்பைக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான்.

என் ஆற்றாமை ஒன்றே ஒன்று. அப்பாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பதினைந்து ஆண்டுகளாக இருந்தன. அந்த ஆண்டுகளில் அவர் மாத்திரை போடுகிறாரா, அளவு கட்டுக்குள் இருக்கிறதா என்று எந்தக் காப்பீடும் விசாரித்ததில்லை. குழாய் அடைத்த பிறகுதான் கோப்பு திறந்தது. மாத்திரையை வீடு தேடிக் கொண்டுவருவது, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர். அவர் திண்ணையில் உட்கார்ந்து அழுத்தத்தைப் பார்த்து அட்டையில் குறித்துவிட்டுப் போகிறார். அப்பா அந்த அட்டையைக் காப்பீட்டுக் கோப்புடன் ஒரே பையில்தான் வைத்திருக்கிறார். ஆனால் அந்தக் கோப்பின் ஒரு தாளில்கூட, அட்டையில் உள்ள எண்களுக்கான இடம் இல்லை.