தொடை உரசாத ஷார்ட்ஸ்: திருப்பூரில் ஒரு சின்னத் தொழில் காலூன்றிய கதை

புடவை கட்டிக்கொண்டு வெயிலில் ஒரு மணி நேரம் நடந்தால் உள்தொடை உரசி எரிய ஆரம்பிக்கும். வியர்வையும் சேர்ந்தால் தோல் உரிந்துவிடும். இரவு குளிக்கும்போது தண்ணீர் பட்டாலே உயிர் போகும். ஒல்லியானவர்களுக்கும் இது உண்டு, கர்ப்பிணிகளுக்கும் உண்டு, தொடை பெருத்தவர்களுக்குக் கோடை முழுக்க அன்றாடம். பவுடர் போடுவார்கள், தேங்காய் எண்ணெய் தடவுவார்கள், வீட்டுக்காரரின் பழைய டிரவுசரை உள்ளே போட்டுக்கொள்வார்கள். வெளியே மட்டும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் என்ன பதில் வரும் என்று அவர்களுக்குத் தெரியும்: "கொஞ்சம் உடம்பைக் குறைக்கலாமில்ல?"

நான் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிப்பவளாக, வேலை பார்த்தவள். வெளிநாட்டு ஆர்டர்களில் பெரிய அளவுகள் வந்துகொண்டே இருக்கும். அந்த உடம்புகளுக்கு எங்கே எவ்வளவு துணி விட வேண்டும் என்று மெஷர்மென்ட் சார்ட்டில் கால் அங்குலம் வரைக்கும் எழுதி அனுப்புவார்கள். எங்கோ ஐரோப்பாவில் இருக்கும் ஒரு பெண்ணுக்காக அதை நம் ஊர் பவர் டேபிளில் (தையல் மெஷின் வரிசையில்) உட்கார்ந்து தைக்கும் அக்காவுக்கோ, அவருடைய அளவில் உள்ளூர்க் கடையில் ஒரு நல்ல உள்ளாடை கிடையாது. துணி இங்கே, தையல் இங்கே, உடம்பும் இங்கேதான் இருக்கிறது. இது மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் வேலையை விட்டேன்.

செய்ய நினைத்தது ஒரே ஒரு பொருள். புடவைக்கும் சுடிதாருக்கும் உள்ளே போடுகிற, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிற காட்டன் ஷார்ட்ஸ். ஹிப் 36 அங்குலத்தில் தொடங்கி 60 வரைக்கும்.

துணியைத் தேர்ந்தெடுப்பது எனக்குப் பழகிய வேலை. 95 சதவீதம் பருத்தி, 5 சதவீதம் லைக்ரா போட்ட சிங்கிள் ஜெர்சி என்ற பின்னல் துணி, 200 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 200 கிராம். அதைவிட லேசான துணி என்றால் கால் சுருண்டு மேலே ஏறிவிடும், கனமாகப் போனால் சித்திரை வெயிலில் வேகும். துணியில் சிக்கல் வரவில்லை, நிறத்தில் வந்தது. டையிங்கில் ஒரு நிறத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோ என்று கணக்கு வைத்திருப்பார்கள். புதிதாக வருகிறவளால் ஐந்தாறு நிறம் போட முடியாது. கறுப்பு, தோல் நிறத்தில் ஒன்று, மெரூன் என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். தோல் நிறம் என்றால் மார்க்கெட்டில் வெளிர் நிறம்தான் கிடைக்கும். நான் நம் நிறத்துக்கு லேப் டிப் (சாயம் தோய்த்த சாம்பிள் துண்டு) கேட்டு, மாநிறமாக வரும்வரை விடவில்லை.

உண்மையான போராட்டம் பேட்டர்னில், அதாவது துணியை வெட்டும் அச்சில்தான் நடந்தது. வழக்கமான கிரேடிங்கில் ஒவ்வொரு அளவுக்கும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கூட்டிக்கொண்டே போவார்கள். அகலம் கூடும்போது நீளமும் கூடும். ஆனால் குண்டாக இருப்பவர் எல்லோரும் உயரமானவர் இல்லை. அப்படிப் போட்ட 52 அளவு ஷார்ட்ஸ், ஐந்தடி உயரமுள்ள ஒருவருக்கு முழங்காலைத் தாண்டித் தொங்கியது, அதே சமயம் தொடையில் பிடித்தது. உட்கார்ந்தால் பின்பக்கம் கீழே இறங்கியது. காரணம் பின் ரைஸ், அதாவது கால்கள் பிரியும் இடத்திலிருந்து இடுப்புப் பட்டி வரை பின்பக்க உயரம். வயிறும் பின்பக்கமும் பெருக்கும்போது முன் ரைஸும் பின் ரைஸும் தனித்தனியாகக் கூட வேண்டும், இரண்டையும் ஒரே அளவில் கூட்டக் கூடாது.

கட்டிங் மாஸ்டர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "நாப்பத்தெட்டுக்கு மேல ஆள் எங்கீங்க இருக்குது? வெட்டுன துணி வீணாப் போகும்ங்க" என்றார். நான் டேப்பை எடுத்துக்கொண்டு ஆட்களிடமே போனேன். முதலில் எங்கள் யூனிட்டில் தைத்த அக்காக்கள். அப்புறம் தெருவில் இருப்பவர்கள், என் பெரியம்மா, அவருடைய மகளிர் குழுவில் இருந்தவர்கள். நின்றுகொண்டு ஒரு அளவு, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு அளவு. உட்காரும்போது தொடை விரிகிறது. நின்று அளந்ததை மட்டும் வைத்துத் தைத்தால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கால் விளிம்பு சதையில் வெட்டும். எந்த ஆர்டர் சார்ட்டிலும் நான் பார்க்காத விஷயம் இது. ஒரே 50 அங்குல ஹிப் உள்ள இரண்டு பேருக்குத் தொடைச் சுற்றளவில் நான்கு அங்குலம் வித்தியாசம் இருந்ததையும் அப்போதுதான் பார்த்தேன். அதனால் ஹிப் 44க்கு மேல் ஒவ்வொரு அளவிலும் தொடைக்கு இரண்டு அகலம் வைத்தேன். ஸ்டாக் இரட்டிப்பாகும் என்று எல்லோரும் எச்சரித்தார்கள். ஆனது. ஆனாலும் இன்று வரைக்கும் அதை நான் மாற்றவில்லை.

நம் நாட்டுக்கென்று ஒரு பொது அளவு அட்டையே இல்லாமல்தான் ஆயத்த ஆடைத் தொழில் இத்தனை காலம் ஓடியிருக்கிறது. 25,000 பேரை 3டி ஸ்கேனரில் அளந்து இந்திய அளவுகளை உருவாக்கும் வேலையை தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான என்ஐஎஃப்டி கையில் எடுத்ததே சமீபத்தில்தான். அப்படி இருக்கும்போது மாஸ்டரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

தையலில் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சாதாரண ஷார்ட்ஸில் நான்கு தையல்கள் வந்து சேரும் இடம் சரியாகத் தொடை உரசும் இடம். அங்கே வைரம் போன்ற வடிவத்தில் ஒரு துண்டு, கசெட், வைத்தால் தையல்கள் விலகிப் போகும். காலைத் தூக்கவும் மடக்கவும் இடம் கிடைக்கும். துணி ஓரத்தைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மடிப்பு தடித்து நிற்கும் என்பதால் உள்தொடைப் பக்கம் முழுக்க, தட்டையாகப் படியும் பிளாட்லாக் தையல். ஒரு பீஸுக்குத் தையல் கூலி கூடுகிறது. இந்த இரண்டையும் விட்டுவிட்டால் விலையைக் குறைக்கலாம்தான், ஆனால் அப்புறம் இந்தப் பொருள் எதற்கு?

பணத்துக்கு வருகிறேன். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரை வைத்து இணையத்திலேயே முடிந்தது. யாராவது அதற்குக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பழைய பிளாட்லாக் மெஷின் ஒன்று, ஓவர்லாக் ஒன்று, முதல் லாட் துணி, இவற்றுக்குச் சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடனில் கிஷோர் பிரிவில் கேட்டேன். அது 50,000க்கு மேல் 5 லட்சம் வரை, அடமானம் வேண்டாம். முதலில் போன வங்கியில், "குண்டா இருக்கறவங்களுக்கு மட்டும்னா வியாபாரம் எப்படிம்மா ஓடும்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வங்கிக்குப் போகும்போது தேசியக் குடும்ப நல ஆய்வின் பக்கத்தை அச்செடுத்து திட்ட அறிக்கையோடு வைத்தேன். 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 25 அல்லது அதற்கு மேல், அதாவது எடை கூடுதல். பத்தில் நான்கு பேர். மேலாளர் அதைப் படித்துவிட்டு மெஷின் கொட்டேஷன் கேட்டார்.

ஜிஎஸ்டி பற்றியும் ஒரு வரி. பெங்களூருவில் இருக்கும் தங்கைக்கு விற்பது என்றாலும் அது வெளிமாநில விற்பனை. விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு எண் வேண்டும். அதை முதலிலேயே வாங்கிவிடுவது நல்லது. பெயரைப் பாதுகாக்க டிரேட்மார்க்கில் ஆடைகளுக்கு 25ஆம் வகுப்பு, தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் 4,500 ரூபாய்.

விற்பதற்காக நானே புடவை கட்டிக்கொண்டு, என் ஹிப் 52 என்று சொல்லி, தொடை உரசுவதைப் பற்றிப் பேசி போனில் வீடியோ எடுத்தேன். ஷார்ட்ஸைத் தரையில் விரித்து, டேப் வைத்து, இழுத்தால் எவ்வளவு விரிகிறது, விட்டால் எவ்வளவுக்குத் திரும்புகிறது என்று காட்டினேன். வீட்டில் சலசலப்பு இல்லாமல் இல்லை. சொந்தக்காரர்கள் அத்தையிடம் வந்து, "உங்க மருமக ஊருக்கே தொடையைப் பத்திப் பேசறா" என்றார்கள். அத்தை அவர்களுக்குச் சொன்ன பதில் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது: "எனக்கு முப்பது வருஷமா எரியுது. நீ ஒருத்தியாச்சும் என்னன்னு கேட்டியா?" இன்று வரைக்கும் புது லாட் வந்தால் முதல் பீஸை ஒரு நாள் முழுக்கப் போட்டுப் பார்த்துச் சொல்வது அவர்தான்.

ஆரம்பத்திலேயே ஒன்றை முடிவு செய்துகொண்டேன். "ஒல்லியாகத் தெரிவீர்கள்", "தொப்பை மறையும்" என்ற வார்த்தைகள் என் பாக்கெட்டிலும் வராது, பேச்சிலும் வராது. அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. பல ஊர்களில் கடைகளுக்குச் சரக்கு போடும் ஒரு மொத்த வியாபாரி வந்தார். ஷார்ட்ஸைப் பார்த்தார், தையலைப் பாராட்டினார். அப்புறம், "இதையே கொஞ்சம் டைட்டா, நைலான் லைக்ரால, பாவாடை மாதிரி இழுத்துப் பிடிக்கற ஷேப்வேரா போட்டுக் குடுங்கம்மா. அதுதான் இப்ப ஓடுது. மாசம் இவ்வளவு எடுத்துக்கறேன்" என்றார். அவர் சொன்ன எண்ணிக்கை அப்போது என் கடன் தவணையை நிம்மதியாகக் கட்டப் போதுமானது. வேண்டாம் என்றேன். இழுத்துப் பிடிக்கும் துணியைப் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் வகுப்பில் நின்ற ஆசிரியைகள் என்னிடம் பேசியிருக்கிறார்கள். அவர்கள் மூச்சு விடுவதற்கு ஒரு பொருள் செய்துவிட்டு, மறுபடி அவர்களை இறுக்க எனக்கு மனம் வரவில்லை. விரும்பிப் போடுகிறவர்கள் போடட்டும், அதைச் செய்ய நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எல்லா அளவுக்கும் ஒரே விலை என்பதும் அதே முடிவின் தொடர்ச்சி. 36 அளவு பீஸ் ஏறக்குறைய 105 கிராம் எடை, 60 அளவு 195 கிராம். நிட் துணி கிலோ கணக்கில் விலை, ஆகவே பெரிய அளவுக்குச் செலவு கட்டாயம் அதிகம். எல்லா அளவின் சராசரி எடையை வைத்து ஒரு விலை போட்டேன். பெரிய உடம்புக்கு அபராதம் கட்டிப் பழகிய பெண்கள், "எக்ஸ்ட்ரா எவ்வளவுங்க?" என்று தாங்களாகவே கேட்பார்கள். ஒன்றும் இல்லை என்று சொன்னதும் போனில் ஒரு நொடி பேச்சு நின்றுபோகும்.

"குண்டாக இருப்பதை ஊக்குவிக்கிறீர்களா?" என்ற கேள்வி வாரம் தவறாமல் வரும். என் பதில் எளிது. மருத்துவர் தினமும் நடக்கச் சொல்கிறார். தொடை புண்ணானவர் இரண்டாவது நாள் எப்படி நடப்பார்? எடையைக் குறைப்பதா வேண்டாமா என்பது அவருக்கும் அவருடைய மருத்துவருக்கும் நடுவில் உள்ள விஷயம். இன்று இருக்கும் உடம்போடு இன்று வெளியே போக அவருக்குத் துணி வேண்டும், அவ்வளவுதான்.

விற்பனை சட்டென்று ஏறவில்லை. உள்ளாடையைத் திரும்ப எடுத்து இன்னொருவருக்கு விற்க முடியாது. அளவு சரியில்லை என்றால் அந்தப் பீஸ் எனக்கு நட்டம்தான். ஆர்டர் போட்டதும் நானே போன் செய்து, உட்கார்ந்து அளந்தீர்களா என்று கேட்க ஆரம்பித்த பிறகு மாற்றிக் கேட்பது வெகுவாகக் குறைந்தது. நேரம் பிடிக்கும் வேலை, ஆனால் அந்தப் பேச்சுகளில்தான் அடுத்த மாற்றம் எல்லாம் கிடைத்தது. இடுப்பு எலாஸ்டிக் சுருள்வதைச் சொன்னது ஒரு செவிலியர். நாள் முழுக்க நிற்கும் ஜவுளிக்கடைப் பெண்கள் கால் நீளத்தை இரண்டு அங்குலம் கூட்டச் சொன்னார்கள். விற்பனையாளர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனால் என்னிடம் பேசியவர்கள் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.

திருப்பம் தைப்பூசத்தில் வந்தது. எங்கள் பக்கத்திலிருந்து தாராபுரம் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகும் பெண்களுக்கு, தெரிந்த ஒரு குழு மூலமாகக் கொஞ்சம் பீஸ் கொடுத்தனுப்பினேன். நடந்து முடித்தவர்களிடமிருந்து வந்த போன்கள் எந்த விளம்பரமும் செய்யாததைச் செய்தன. அப்புறம் பௌர்ணமிக்கு முந்தின வாரங்களில் திருவண்ணாமலை கிரிவலத்துக்கென்று ஆர்டர் வர ஆரம்பித்தது. 14 கிலோமீட்டர் சுற்று. ஒருவர் வாங்கினால் கூட நடக்கும் நான்கு பேருக்கு அவரே சொல்லிவிடுகிறார்.

இரண்டாவதாக, நாடா இல்லாத, அகலமான பட்டி வைத்த பாவாடை போட்டோம். அந்தச் சமயத்தில்தான் இடுப்பில் இறுக்கிக் கட்டிய பாவாடையோ புடவையோ ஆண்டுக்கணக்கில் அழுத்தி, ஆறாத புண்ணாகி, புற்றுநோயான இரண்டு பெண்களைப் பற்றி நம் மருத்துவர்கள் 2024இல் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் இதழில் எழுதியது செய்தியானது. அதை விளம்பரத்தில் போடச் சொன்னவர்கள் அதிகம். மிக அரிதாக நடப்பதைக் காட்டிப் பயமுறுத்தி விற்க எனக்கு விருப்பமில்லை. இடுப்பில் கறுத்த தடம் இருக்கிறதா, புண் ஆறாமல் இருக்கிறதா, மருத்துவரிடம் காட்டுங்கள் என்று மட்டும் பேசினேன். பாவாடையை அதன் பட்டியைக் காட்டித்தான் விற்கிறேன்.

கடன் அடைந்துகொண்டிருக்கிறது. மெஷின் நான்காகி இருக்கிறது, தைக்கும் அக்காக்களும் அவரவர் அளவில் இதைத்தான் போடுகிறார்கள். அந்தக் கட்டிங் மாஸ்டர் இப்போது 64 அளவுக்குப் பேட்டர்ன் போடுகிறார், அதைக் கேட்டு எழுதியவர்களின் பட்டியலை அவரிடம் கொடுத்த பிறகு. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கென்று வயிற்றுக்குக் கீழே இறங்கி நிற்கும் ஒரு மாடலும் சாம்பிளில் இருக்கிறது. ஏழாம் மாதத்துக்கு மேல் எலாஸ்டிக் எங்கே நிற்க வேண்டும் என்பதில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். அது தீரும்வரை அது கடைக்கு வராது.