ரங்கூன் இருட்டும் ஒரு பிளாஸ்டிக் லென்ஸும்

ரங்கூன்ல போட்டோ எடுக்கப் போறீங்கன்னா மொதல்ல ஒன்னு தெரிஞ்சுக்கோங்க, அந்த ஊர்ல பாக்க லட்சணமா இருக்குறது பாதிக்கு மேல இருட்டுக்குள்ள தான் இருக்கு. டவுன்டவுன் பக்கம் எல்லாம் பிரிட்டிஷ்காரன் காலத்து பில்டிங், அகலம் கம்மி, நீளம் ஜாஸ்தி, தெருப்பக்கம் மட்டும் தான் வெளிச்சம் வரும், கடைக்குள்ள நாலு அடி போனா ட்யூப்லைட் தான் கதி, அந்த ட்யூப்லைட்டும் கரண்ட் இருந்தா தான். நாங்க போனது 2019 கோடையில, கரண்ட் எப்ப போகும் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது, பிளாட்பாரம் பூரா ஜெனரேட்டர் சத்தம், ஜெனரேட்டர் இல்லாத கடையில சார்ஜிங் லைட் இல்லன்னா மெழுகுவர்த்தி. (2021ல ராணுவம் ஆட்சியைப் புடிச்சதுக்கு அப்புறம் நிலைமையே வேற, அதனால நான் எழுதறது எல்லாம் அப்போ பாத்த ரங்கூன்னு வெச்சுக்கோங்க.)

எங்கூட வந்தது மச்சான். அவரு காரைக்குடிக்காரர், சின்ன வயசுலேர்ந்து பர்மா தேக்குத் தூணைக் கட்டிப்புடிச்சு வெளையாண்டவரு, அந்தத் தேக்கு வந்த ஊரைப் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. அவர்கிட்ட ஃபுல் ஃபிரேம் கேமரா, அதாவது படம் பதியற சென்ஸார் பெருசு, கேனன் 24-70 எஃப் 2.8 ஜூம் லென்ஸ், ரெண்டாவது வெர்ஷன் (இந்த 24, 70 எல்லாம் எம்எம் கணக்கு, நம்பர் ஏற ஏற கிட்ட இழுத்துக் காட்டும்). அப்போ லட்ச ரூபாய்க்கு மேல, வெயிட்டு 805 கிராம், லென்ஸ் மட்டும். என்கிட்ட இருந்தது பழைய கிராப் பாடி, அதாவது சென்ஸார் சின்னதா இருக்குற கேமரா, அதோட வந்த 18-55 கிட் லென்ஸ், அப்புறம் ஜூம் இல்லாத 50 எம்எம் எஃப் 1.8, எஸ்டிஎம்ங்கிற மாடல். அது அப்போ பத்தாயிரம் ரூபாய்க்குள்ள கெடைச்சுச்சு, 160 கிராம் தான், சட்டைப் பையில போட்டா கூட தெரியாது. கெளம்பறப்ப மச்சான் கேட்டாரு, "ஏன் மாப்ள, நீயும் நல்லதா ஒரு ஜூம் வாங்கிருந்தா ஒரே லென்ஸ்ல எல்லாம் முடிஞ்சிருக்கும்ல?" முடிஞ்சிருக்கும் தான். ஆனா ஊர்ல போய் எறங்கி ரெண்டு தெரு சுத்துன உடனே நான் கிட் லென்ஸைக் கழட்டி பையில போட்டுட்டேன், அப்புறம் ஸ்வேடகன் பகோடா போற வரைக்கும் அதை வெளிய எடுக்கல.

காரணம் சிம்பிள் கணக்கு. அந்த எஃப் நம்பர் எவ்ளோ சின்னதோ லென்ஸோட வாய் அவ்ளோ பெருசு. கிட் லென்ஸை 55க்கு இழுத்தா எஃப் 5.6க்கு மேல தொறக்காது. 50 எம்எம் 1.8 வரைக்கும் தொறக்கும். வித்தியாசம் கேக்க சின்னதா இருக்கும், ஆனா வெளிச்சத்துக்கு அது வர்க்கக் கணக்கு, 5.6ஐ 1.8ஆல வகுத்து, வந்ததை அதாலயே பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட பத்து மடங்கு வரும். அதாவது கிட் லென்ஸ் பத்துல ஒரு செகண்ட் தொறந்து வெச்சு எடுக்குற படத்தை இது நூறுல ஒரு செகண்டுல எடுத்துரும், அதே ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுற அளவை மாத்தாமயே. மச்சானோட லட்ச ரூபா லென்ஸே 2.8 தான், அதை விடவும் இது ரெண்டு மடங்குக்கு மேல வெளிச்சம் வாங்குது.

அனவ்ரதா ரோட்டுலேர்ந்து ஒரு சந்துக்குள்ள போனா ஒரு ஆயாவோட தோசைக் கடை. தமிழ் ஆயா தான், கன்னத்துல ரெண்டு பக்கமும் மரப்பட்டையை அரைச்ச தனாக்கா வட்டமா பூசி, நெத்தியில பெரிய குங்குமம், பூப்போட்ட பர்மா லுங்கி, பேச்சு மட்டும் சுத்தமான தஞ்சாவூர்ப் பக்கம். பர்மாக்காரங்க தான் கூட்டமா உக்காந்து தோசை சாப்புட்டுட்டு இருக்காங்க. கரண்ட் இல்ல, கல்லுக்கு மேல ஒரு சார்ஜிங் லைட் கம்பியில தொங்குது, ஆயா மாவை ஊத்தி சுத்துற கை நிக்கவே நிக்காது. இந்த எடத்துல தான் கிட் லென்ஸ்காரங்க ஒரு வாதம் வைப்பாங்க, அதுல ஸ்டெபிலைசர் இருக்கே, கை ஆடுனாலும் சமாளிக்குமேன்னு. சமாளிக்கும், நம்ம கையை. ஆயா கையை யாரு சமாளிக்கறது? பத்துல ஒரு செகண்டுல எடுத்தா பின்னாடி இருக்குற டப்பா எல்லாம் ஷார்ப்பா வரும், தோசை ஊத்துற கை மட்டும் புகை மாதிரி கலைஞ்சு போகும். நான் எஃப் 2, ஐஎஸ்ஓ 3200 வெச்சு எடுத்தேன், கரண்டி ஓரத்துல வழியற மாவு, கல்லுல தெறிக்குற எண்ணெய், ஆயா கையில குத்தியிருக்குற பச்சை, எல்லாம் நின்னுச்சு.

இவ்ளோ வேலை செய்யிற லென்ஸ் எப்படி இவ்ளோ சல்லிசுன்னு மச்சான் சாப்புட்டுட்டே கேட்டாரு. அதுக்குள்ள மொத்தமே ஆறு கண்ணாடி தான். டபுள் காஸ்னு சொல்ற அமைப்பு, நடுவுல அப்பெர்ச்சர், அதாவது நான் சொன்ன அந்த வாய், அதுக்கு ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கண்ணாடி, ஒரு பக்கம் பண்ற கோளாறை இன்னொரு பக்கம் சரி பண்ணிரும். 1896ல ஸைஸ் கம்பெனியில பால் ருடால்ஃப் போட்ட பிளானர் டிசைனோட வம்சம், நூறு வருஷத்துக்கு மேல தேய்ச்சுத் தேய்ச்சு மெருகேத்துனது, புதுசா கண்டுபுடிக்க ஒன்னும் இல்ல. இன்னொன்னு, எங்க கேமரா மாதிரி எஸ்எல்ஆர்ல சென்ஸாருக்கு முன்னாடி ஒரு மிரர் ஏறி எறங்க எடம் விடணும், கேனன்ல லென்ஸ் மாட்டுற எடத்துலேர்ந்து சென்ஸாருக்கு 44 மில்லிமீட்டர். 24, 28னு வைட் லென்ஸ் பண்ணணும்னா அந்த எடைவெளியைத் தாண்டி பிம்பத்தைத் தள்ள எக்ஸ்ட்ரா கண்ணாடி போட்டு சுத்தி வளைக்கணும், 50க்கு அந்த வம்பே இல்ல, இயல்பாவே அந்த தூரம் அதுக்குப் பொருந்திருது. மச்சானோட ஜூமுக்குள்ள 18 கண்ணாடி, அதுல கூட்டம் கூட்டமா முன்னும் பின்னும் நகரணும், எந்த எடத்துல நிறுத்துனாலும் படம் நல்லா இருக்கணும், அதுவும் 2.8லயே. காசு அங்க தான் போகுது. நம்ம லென்ஸ் ஒரே ஒரு வேலையை மட்டும் கத்துக்கிட்டு வந்திருக்கு.

சல்லிசுக்குன்னு இருக்குற கொறை எல்லாம் இதுலயும் இருக்கு, ஒளிக்க வேண்டியதில்ல. 1.8ல வெச்சா ஓரம் எல்லாம் மெத்துனு இருக்கும், வெளிச்சம் பளிச்சுன்னு அடிக்கிற விளிம்புல ஊதாக் கலர் கோடு ஓடும், பித்தளை விளக்கு, தங்க கோபுரம்னு எங்க பாத்தாலும் மினுக்குற ஊர்ல இது கண்ணை உறுத்தும். 2.2, 2.5 வெச்சா பெரும்பாலும் சரியாயிரும். பழைய வெர்ஷன்ல அப்பெர்ச்சருக்கு அஞ்சே தகடு, ராத்திரி லைட் எல்லாம் ஐங்கோணமா விழும், எஸ்டிஎம்ல ஏழு தகடு, அந்தத் தொல்லை கொறைவு.

அனவ்ரதா ரோட்டுலயே காளி கோயில் இருக்கு, 1871ல நம்மாளுங்க கட்டுனது. கோபுரம் பூரா கலர் பொம்மை, பகல்ல வெளிய நின்னு எடுக்க எந்த லென்ஸும் போதும். சாயங்காலம் உள்ள போகணும். குருக்கள்கிட்ட கேட்டோம், "ஃப்ளாஷ் மட்டும் போடாதீங்க, மத்தபடி மண்டபத்துலேர்ந்து எடுத்துக்கோங்க"ன்னுட்டாரு. எங்களுக்கு ஃப்ளாஷே தேவைப்படல. தீபாராதனைக்கு முன்னாடி விளக்கு ஏத்துற அம்மா ஒருத்தவங்க, திரியைத் தூண்டிவிட்டு அப்படியே முகத்தைக் கிட்ட கொண்டு போனாங்க, முழு வெளிச்சமும் அந்த ஒரு சுடர் தான். இந்த மாதிரி எடத்துல ஃபோகஸ் தான் சோதனை. இருட்டுல இந்த லென்ஸ் முன்னும் பின்னும் தேடிட்டே இருக்கும், வெறும் கன்னத்துல வெச்சா புடிக்காது, புடவை பார்டர், மூக்குத்தி, விளக்கோட விளிம்பு, இப்படி வெளிச்சமும் இருட்டும் சேர்ற எடமா பாத்து வெக்கணும். அதுலயும் ஒன்னரை மீட்டர் தூரத்துலேர்ந்து 1.8ல எடுத்தா தெளிவா இருக்குற ஆழம் ஆறு சென்டிமீட்டர் சுமாருக்கு தான், அவங்க லேசா சாஞ்சாலே கண்ணு போயி காது ஷார்ப்பா வந்துரும். அதனால மூணு நாலு ஷாட்டா சேத்து அடிச்சுக்கிறது நல்லது.

இந்த 50 எம்எம்னாலே பிரெஞ்சு போட்டோகிராபர் கார்ட்டியே-பிரெஸ்ஸான் பேரைச் சொல்லி ஆரம்பிக்கிறது ஒரு சம்பிரதாயம், அவரு பெரும்பாலும் அம்பதுலயே எடுத்தாரு, நெஜம் தான், ஆனா அது நம்ம கையில இருக்குற கிராப் பாடி இல்லீங்க. கேனன் கிராப்ல 50ங்கிறது 80 மாதிரி தெரியும். முகம் எடுக்க அருமை, ரூமை எடுக்கப் போனா முதுகு செவுத்துல முட்டும். ரங்கூன் சந்துல இது சாதாரண கஷ்டம் இல்ல, 26வது தெரு மார்க்கெட்ல ஒரு மீன்காரம்மாவை எடுக்கப் பின்னாடி நகந்து நகந்து எதுத்தாப்ல இருக்குற கீரைக் கடைக்காரர் மடியிலயே உக்காராத கொறை. அவரு சிரிச்சுக்கிட்டே ஒரு முக்காலியை நகத்திப் போட்டாரு. என்னைக் கேட்டா, கிராப் பாடி வெச்சிருக்கவங்களுக்கு 35 தான் சரியான அளவு. நிக்கான்காரங்களுக்கு டிஎக்ஸ் (நிக்கானோட கிராப்புக்கு அது தான் பேரு) 35 எஃப் 1.8னு 2009லயே சல்லிசா ஒன்னு வந்துருச்சு, கேனன் கிராப்காரங்க அந்த விஷயத்துல கொடுத்து வெக்கல, 24 எம்எம் 2.8 ஒன்னு இருக்கு, நல்ல லென்ஸ், ஆனா 1.8 இல்ல.

மச்சான் கதையையும் சொல்லணும். அவரு படம் எல்லாம் நல்லா தான் வந்துச்சு, ஃபுல் ஃபிரேம் ஐஎஸ்ஓவை ஏத்துனாலும் தாங்குது, பொய் சொல்லக் கூடாது. ஆனா அந்த லென்ஸ், அதுக்கு முன்னாடி பூ மாதிரி ஒரு ஹூட், அதைத் தூக்குன உடனே டீக்கடையில உக்காந்திருக்கவங்க நிமிந்து உக்காந்துருவாங்க, சில பேரு எழுந்தே போயிருவாங்க, பத்திரிகைக்காரரோன்னு. கோயில் வாசல்ல பூக்கட்டுற தாத்தா அவரைப் பாத்து "எந்த டிவிங்க?"ன்னு கேட்டாரு. என்னை யாரும் கேக்கல. எனக்கு ஜூம் இல்லாததால கிட்ட போயே ஆகணும், கிட்ட போனா பேசாம இருக்க முடியாது, "வணக்கங்க, மெட்ராஸ்லேர்ந்து வர்றோம்"னா போதும், தாத்தா தன்னோட பெரியப்பா குடும்பம் 64ல கப்பல் ஏறுனதுலேர்ந்து ஆரம்பிச்சுட்டாரு, அவங்க இப்போ மெட்ராஸ்ல எங்கயோ இருக்காங்களாம், பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா பஜார்ல கடை வெச்சிருந்ததா கேள்வியாம். அங்க தெருவுல அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், சாப்புட்டு வளந்தவன் நான், அதைச் சொன்னதும் பூக்கட்டுறதையே நிறுத்திட்டாரு. படம் அதுக்கு அப்புறம் தான் எடுத்தேன், நூலைப் பல்லுல கடிச்சுக்கிட்டு சிரிக்கிறாரு. ரெண்டு மீட்டருக்குள்ள நின்னு எடுத்தது.

ஜூம் ஜெயிச்ச எடமும் இருக்கு. ஸ்வேடகன் பகோடா 99 மீட்டர் ஒசரம், பக்கத்துல நின்னா 50ல அடியில இருக்குற ஒரு சின்ன கோபுரம் கூட முழுசா அடங்காது, பேசாம கிட் லென்ஸை மாட்டி 18ல எடுத்தேன், அங்க வெளிச்சத்துக்கும் பஞ்சம் இல்ல, தங்கமே லைட் அடிக்குது. சர்க்குலர் ட்ரெயின்லயும் அப்படித்தான், ஊரை சுத்தி 46 கிலோமீட்டர், மூணு மணி நேரம், ஜன்னல்ல கம்பி கெடையாது, வெளிய ஓடுற வயக்காட்டையும் தான்யிங்கோன் மார்க்கெட்ல கீரைக்கட்டு ஏத்துற அமளியையும் 50ஐ வெச்சுக்கிட்டு தொரத்த முடியாது, நாம நகர முடியாத எடத்துல லென்ஸ் நகரணும். அன்னைக்கு மச்சான் மொகத்துல அப்படி ஒரு சந்தோசம்.

ஊருக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி போஜோக் மார்க்கெட் பக்கம் ஒரு ஸ்டுடியோவுல பிரிண்ட் போட்டு ஆயாகிட்ட கொண்டு போய் குடுத்தேன். எனக்கு உள்ளுக்குள்ள பெருமை தாங்கல, பின்னாடி எல்லாம் பஞ்சு மாதிரி கரைஞ்சு ஆயா முகம் மட்டும் ஜொலிக்குது, போட்டோகிராபருங்க இதுக்குத் தானே உசுரை விடுறோம். ஆயா கண்ணாடியைப் போட்டு, வெளிச்சத்துக்குத் திருப்பி ரொம்ப நேரம் பாத்துச்சு.

"ஏந்தம்பி, பின்னாடி அவுக படம் மாட்டியிருக்கே, அது எங்க?"

செவுத்துல ஆயா வீட்டுக்காரர் படம், அந்தத் தாத்தாவுக்கு பிளாஸ்டிக் மாலை போட்டு, பக்கத்துல முருகன். பிரிண்ட்ல அது ஒரு மஞ்சள் திட்டு.

"கடை போர்டும் தெரியல. இது எந்தக் கடைன்னு யாருக்குத் தெரியும்?"

மச்சான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு குலுங்கிக் குலுங்கி சிரிக்கிறாரு. நல்ல வேளை அப்போ கரண்ட் இருந்துச்சு. கல்லுக்கு அந்தப் பக்கம் ஆயாவை தாத்தா படத்துக்குப் பக்கத்துல நிக்க வெச்சு, முக்காலி மேல கேமராவை வெச்சு, பின்னாடியும் தெளியட்டும்னு லென்ஸ் வாயைச் சுருக்கி எஃப் 8ல எடுத்தேன், ஆயா, தாத்தா, முருகன், போர்டு, எண்ணெய் டப்பா, காலண்டர் எல்லாம் தெளிவா. கேமரா பின்னாடி காட்டுனதும் இது தான் போட்டோன்னு தலையாட்டிட்டு, மூணு பிரிண்ட் போடச் சொல்லுச்சு, ஒன்னு மோல்மீன்ல இருக்குற மகளுக்கு, ஒன்னு கடைக்கு, இன்னொன்னு யாருக்குன்னு சொல்லல, தோசைக்கு மட்டும் கறாரா காசு வாங்கிக்கிச்சு.