கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா?

போன மாதம் அப்பச்சியை (எங்கள் வீடுகளில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஓர் இதய ஸ்கேனுக்காகக் காரைக்குடியிலிருந்து மதுரைக்கு இரண்டு தடவை கூட்டிக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது. ஒரே தடவையில் முடிந்திருக்க வேண்டிய வேலை. கெடுத்தது ஒரு டம்ளர் காபி.

மாடிப்படி ஏறினால் நெஞ்சு கனக்கிறது என்று அவர் சொல்ல ஆரம்பித்து நாளாயிற்று. எங்கள் வீட்டில் முகப்பிலிருந்து பின்கட்டுக்கு நடந்தாலே மூச்சு வாங்கும், அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான். அப்புறம் சி.டி. ஆஞ்சியோ (இதயத்தின் ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுத்தபோது ஒரு ரத்தக்குழாயில் பாதிக்கு மேல் சுருக்கம் என்று வந்தது. மறுநாளே அம்மானும் அயித்தையும் வளவில் உட்கார்ந்து "அடைப்புன்னு தெரிஞ்சுபோச்சுல்ல, ஸ்டென்ட்டை வச்சுட்டு வர வேண்டியதுதானே" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள் (ஸ்டென்ட் என்பது சுருங்கிய குழாயை விரித்துப் பிடிக்கும் குட்டிக் கம்பிவலை). டாக்டர்தான் அவசரப்படவில்லை. குழாய் சுருங்கியிருக்கிறது, சரி, அதனால் இதயச் சதைக்கு ரத்தம் குறைகிறதா என்று இந்தப் படம் சொல்லாது, ஸ்ட்ரெஸ் எம்.ஆர்.ஐ. (மருந்தால் இதயத்தின் ரத்த ஓட்டத்தைக் கூட்டிவிட்டு எடுக்கும் காந்த ஸ்கேன்) எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார்.

எனக்கு இது புரிந்தது கண்மாயை வைத்துத்தான். வாய்க்காலில் ஓரிடத்தில் கரை சரிந்து பாதியாகக் குறுகிக் கிடக்கிறது என்று வையுங்கள். எல்லாரும் மடையைக் கொஞ்சமாகத் திறந்து பாய்ச்சுகிற நாளில் அந்தக் குறுகலைத் தாண்டியும் போதுமான தண்ணீர் வந்துவிடும், ஒன்றும் தெரியாது. அத்தனை மடையையும் ஒரே நேரத்தில் முழுசாகத் திறந்துவிட்டால்தான் வண்டவாளம் வெளியே வரும், கடைமடை வயல் காயும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் அதன் மேற்பரப்பில் ஓடி, கிளை பிரிந்து உள்ளே இறங்குகின்றன. ஆக உள்பக்கச் சதைதான் கடைமடை. பஞ்சம் வந்தால் முதலில் காய்வதும் அதுதான்.

மடையைத் திறக்கிற வேலையை அடினோசின் என்ற மருந்து செய்கிறது. நம் உடம்பிலேயே இருக்கிற பொருள்தான், கூடுதலாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். நல்ல குழாய் என்றால் ரத்த ஓட்டம் மூன்று நான்கு மடங்கு ஏறிவிடும். சுருங்கிய குழாய்க்குப் பின்னால் அவ்வளவு ஏற முடியாது. மடை திறந்தாயிற்று, தண்ணீர் எங்கே வந்தது எங்கே வரவில்லை என்று பார்க்க வேண்டுமே, அதற்குத்தான் கான்ட்ராஸ்ட் ஊசி.

ஆஸ்பத்திரியிலேயே இதை "டை ஊசி" என்கிறார்கள். நான் எட்டிப் பார்த்தவரை தண்ணீர் மாதிரிதான் இருந்தது, ஒரு நிறமும் இல்லை. உள்ளே இருப்பது கடோலினியம் என்ற உலோகம், அருமண் தனிமங்களில் ஒன்று, யோஹான் கடோலின் என்ற பின்லாந்து வேதியியலாளரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டிருக்கிறது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் என்ற தாதுவிலும் இது துளி கலந்திருக்கும். மருந்தில் அது இருப்பது அயனியாக, அதாவது மின்னேற்றம் பெற்ற அணுவாக, அதில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் ஏழு இருக்கின்றன, அதனால் அது ஒரு குட்டிக் காந்தம் போல நடந்துகொள்கிறது. எம்.ஆர்.ஐ. படம் பிடிப்பது உடம்பிலுள்ள தண்ணீரின் ஹைட்ரஜனை. கடோலினியம் பக்கத்தில் வந்தால் அந்த ஹைட்ரஜன் சீக்கிரமாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறது, படத்தில் அந்த இடம் வெளுக்கிறது. ஊசி போட்ட சில நொடிகளில் ரத்தம் பாய்ந்த சதை வெளுத்துக்கொண்டு வரும், பாயாத இடம் கறுப்பாகவே நிற்கும். கறுப்பெல்லாம் பஞ்சம் என்றும் இல்லையாம். சதையும் ரத்தமும் சந்திக்கும் ஓரத்தில் படமெடுக்கும் முறையாலேயே ஒரு பொய்க் கோடு இரண்டு மூன்று துடிப்புக்கு வந்து மறையும், அதைப் பிரித்தறிவதில்தான் படம் படிப்பவரின் அனுபவம் இருக்கிறது.

இந்த உலோகத்தைத் தனியாக ரத்தத்தில் விட்டால் விஷம். கிட்டத்தட்டக் கால்சியம் அயனியின் பருமன், அதனால் கால்சியம் போகிற வழியில் புகுந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே வேறொரு மூலக்கூறுக்குள் பிடித்துவைத்துத்தான் கொடுக்கிறார்கள். 1988இல் வந்த முதல் மருந்தான மேக்னவிஸ்ட் கயிற்றால் சுற்றிக் கட்டியது போன்ற அமைப்பு. பின்னால் வந்த கடோபியூட்ரால், கடோடெரேட் போன்றவை நாலு பக்கமும் அடைத்த கூண்டு, உலோகம் லேசில் நழுவாது. இந்த வித்தியாசம் புத்தக விஷயம் மாதிரித் தோன்றும். 2006இல்தான் அதன் விலை தெரிந்தது: சிறுநீரகம் மிகவும் பழுதான சிலருக்கு இந்த ஊசிக்குப் பிறகு தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகிற நோய் வருவதைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் கயிற்று வகை மருந்துகளால் வந்தது. 2017இல் ஐரோப்பாவில் அந்த வகையில் பெரும்பாலானவற்றை நிறுத்தியும் விட்டார்கள். சர்க்கரைக்காரரான அப்பச்சிக்கு முதலில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) பார்த்ததற்குக் காரணம் இதுதான். "என்ன மருந்து போடுவீங்க, கூண்டு வகையா?" என்று நான் கேட்டதற்கு டெக்னீஷியன் ஒரு மாதிரியாகப் பார்த்தார், பரவாயில்லை, பதில் சொன்னார். கூண்டு வகைதான். கடோபியூட்ரால் என்றால் 70 கிலோ ஆளுக்கு மொத்தமே 7 மில்லி, அதையும் இரண்டு பாதியாக, ஒன்று அடினோசின் ஓடும்போது, இன்னொன்று அது நின்று இதயம் பழைய நிலைக்கு வந்தபின்.

சரி, காபிக்கு வருகிறேன். முதல் தடவை போனில் பேசியவர் "4 மணி நேரம் வெறும் வயிறு" என்று மட்டும் சொன்னார். பத்து மணிக்கு ஸ்கேன், விடிகாலை நான்கு மணிக்கு ஆத்தா காபி கொடுத்தார்கள், கணக்குப்படி சரிதான். பிள்ளையார்பட்டி பக்கம் கும்பிடு போட்டுவிட்டு மேலூர் வழியாக மதுரை போய், உடை மாற்றி, வெள்ளி அரைஞாணைக் கழற்றி (அதற்கே கால் மணி நேரம்), இரண்டு கையிலும் ஊசி குத்தியபிறகு நர்ஸ் கேட்கிறார்: "ஐயா, காபி டீ ஏதாச்சும் குடிச்சீங்களா?" அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் கஃபீன் முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். மருந்து ஏற்றினாலும் மடை திறக்காது, பஞ்சம் இருந்தும் இல்லாத மாதிரி படம் வரும். ஒரு நாள் முழுக்கக் காபி, டீ, சாக்லேட், கோலா கூடாது. இதை முந்தின நாள் போனிலேயே சொல்ல என்ன கேடு? அன்று வீடு திரும்பும் வரை அப்பச்சி என்னிடம் பேசவே இல்லை, நான்தான் காபி குடித்த மாதிரி.

இரண்டாம் தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆஞ்சியோவின் அயோடின் மருந்து உடம்பெல்லாம் சுட்டது போல இதுவும் சுடும் என்று பயந்துகொண்டு போனார். இது சுடவில்லையாம், அடினோசின்தான் நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்ததாம், நிறுத்தியதும் ஒரு நிமிஷத்துக்குள் போய்விட்டதாம். ரத்தத்தில் அது சில நொடிகள்தான் தங்கும். பத்து நிமிஷம் கழித்து இன்னொரு வரிசைப் படம். உயிருள்ள செல்லுக்குள் கடோலினியம் நுழையாது, செத்துத் தழும்பான சதையில் தேங்கிப் பளிச்சென்று தெரியும். அப்பச்சிக்குத் தழும்பு இல்லை. அடினோசின் ஓடும்போது ஒரு சின்ன இடத்தில் கறுப்பு, ஓய்வில் அதுவும் இல்லை. மாத்திரையில் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மானுக்கு இதில் திருப்தியில்லை. 2019இல் வந்த எம்.ஆர். இன்ஃபார்ம் ஆய்வைச் சொன்னேன்: 918 பேரில், குழாய்க்குள் கம்பி விட்டு அழுத்தம் பார்த்து முடிவெடுத்தவர்களை விட, இந்த ஸ்கேனை வைத்து முடிவெடுத்தவர்களுக்கு ஸ்டென்ட்டும் பைபாஸும் குறைவாகவே தேவைப்பட்டன, ஓர் ஆண்டில் மாரடைப்பு, மரணம் எதுவும் கூடிவிடவில்லை. "நீ படிச்சவன், சொல்றே" என்றார்.

திரும்பி வரும்போது திருப்பத்தூரில் காபி. இரண்டு டம்ளர். அப்போதுதான் அப்பச்சி கேட்டார், "போட்ட மருந்து எங்கே போகும்?" சிறுநீரில் போய்விடும், ஒரு நாளில் பெரும்பகுதி வெளியேறிவிடும் என்றேன். "அதுக்கப்புறம்?" சாக்கடையில் சுத்திகரித்தாலும் அது போகாது, 1996லேயே ஜெர்மனியில் ஆற்றுத் தண்ணீரில் கடோலினியம் கூடியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள், ரொம்பத் துளி அளவுதான் என்றேன். குடிநீர் ஊருணியில் யாராவது காலை நனைத்தாலே சத்தம் போடுகிற மனிதர். வீடு வந்ததும் இறங்கி நேரே பின்கட்டுக்குப் போய், செப்டிக் டேங்குக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி என்று காலால் அளந்துகொண்டிருந்தார்.