ஒத்தைக் காலில் நின்றவர்

2023 ஆகஸ்ட் 24, வியாழக்கிழமை. காலை ஆறேகாலுக்கே பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு டிவியில் அமெரிக்கா ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனும் மதினியும் ஐயோவாவிலிருந்து வந்திருந்தார்கள். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், அதற்காக இரண்டு பேரும் லீவு போட்டு வந்தது. ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எண்பத்து நாலு வயதில் கிடைத்த புதுக் கண்ணை வைத்துக்கொண்டு அம்மா வீட்டில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. "ஃபேன் றெக்கையில என்னட்டி இவ்வளவு அழுக்கு" என்று ஆரம்பித்து, என் தலையில் நரை எத்தனை என்பதுவரை கணக்கு எடுத்தாகிவிட்டது.

முந்தின நாள் சாயங்காலம் 6 மணி 4 நிமிஷத்துக்கு இதே டிவியில்தான் சந்திரயான் நிலாவில் இறங்கியது. மகேந்திரகிரி இஸ்ரோவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒருவர் எங்கள் தெருவில் உண்டு. அவர் பத்தாயிரம் வாலா வெடித்த காகிதக் குப்பை விடிந்தும் தெருவில் கிடந்தது. நிலா முடிந்து பன்னிரண்டு மணி நேரம்தான் ஆகியிருக்கும், இப்போது மில்வாக்கி. அங்கே புதன் ராத்திரி எட்டு மணி, நமக்கு வியாழன் காலை ஆறரை. குடியரசுக் கட்சிக்கு ஜனாதிபதி வேட்பாளராக யார் நிற்பது என்று கட்சிக்குள்ளேயே போட்டி. போட்டியாளர்கள் எட்டுப் பேரை மேடையில் நிறுத்தி டிவிக்காரர்கள் கேள்வி கேட்கிறார்கள். முதல் விவாதம்.

அண்ணனும் மதினியும் அமெரிக்கப் பிரஜைகள், அந்தக் கட்சியில் பதிந்துகொண்ட வாக்காளர்கள். அதனால் அவர்களுக்கு இது சும்மா வேடிக்கை இல்லை, ஓட்டுப் போடப்போகிற விஷயம். மேடை ஏறவே தகுதி வைத்திருக்கிறார்கள் என்று அண்ணன் விளக்கினான். குறைந்தது 40,000 பேரிடம் நன்கொடை வாங்கியிருக்க வேண்டும், கருத்துக்கணிப்புகளில் ஒரு சதவீதமாவது காட்ட வேண்டும், கடைசியில் யார் வேட்பாளர் ஆனாலும் ஆதரிப்பேன் என்று கையெழுத்தும் போட வேண்டும். எனக்கு அந்தக் கடைசி நிபந்தனைதான் ரொம்பப் பிடித்தது. நம் ஊரில் தலைமை பட்டியலை அறிவிக்கும், சீட்டுக் கிடைக்காதவரின் ஆட்கள் அன்று ராத்திரியே போஸ்டரைக் கிழிப்பார்கள். முப்பது வருஷம் டீச்சராக இருந்து, தேர்தல் டியூட்டியில் பூத் ஆபீசராக பி-1, பி-2 என்று எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்தவள் நான். கட்சிக்குள்ளேயே இப்படி வெளிச்சம் போட்டு அடித்துக்கொள்வதைப் பார்க்க எனக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

அண்ணன் வரும்போதே முடிவு செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். "நம்ம பய ஒருத்தன் இருக்கான் பாரு" என்றான். விவேக் ராமசாமி. அந்த மாதம்தான் 38 முடிந்திருந்தது, மேடையிலேயே இளையவர். அப்பா அம்மா பாலக்காடு மாவட்டத்து வடக்கஞ்சேரி, வீட்டில் தமிழ். மதினி நிக்கி ஹேலி பக்கம். தெற்கு கரோலினாவின் கவர்னராக இருந்தவர், ஐ.நா. தூதராக இருந்தவர், பஞ்சாபிச் சீக்கியப் பெற்றோருக்குப் பிறந்தவர், அந்த மேடையில் ஒரே பெண். ஆக வீட்டுக்குள்ளேயே இரண்டு பூத் போட்டாயிற்று. (அமெரிக்காவில் இருபத்தைந்து வருஷம் இருந்தும் அண்ணனின் திருநெல்வேலிப் பேச்சு என்னுடையதைவிடச் சுத்தம். இங்கேயே கிடக்கிற எனக்குத்தான் கரும்பலகைத் தமிழ் ஒட்டிக்கொண்டது.)

அம்மா ஒரு சுளகில் முருங்கைக்கீரையை வைத்து உருவிக்கொண்டே பார்த்தாள். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. விவாதம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, "எய்யா, அந்த ஓரத்துல நிக்கவனுக்குக் கால்ல என்ன?" என்றாள்.

"எந்த ஓரம்மா?"

"வலது கை ஓரம். தலைமயிரு அடர்த்தியா இருக்கே, அவன். ஒத்தைக் கால்லல்லா நிக்கான்."

அண்ணன் அசந்துபோனான். அவர் டக் பர்கம், அப்போது வடக்கு டகோட்டா கவர்னர். முந்தின நாள் தன் ஆட்களோடு கூடைப்பந்து விளையாடப் போய் குதிகால் தசைநார் அறுந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர். விவாதத்துக்கு வருவாரா என்பதே கடைசிவரை சந்தேகம். நின்றார், இரண்டு மணி நேரமும். அம்மாவுக்கு அதன் பிறகு மற்ற ஏழு பேரும் கண்ணில் படவில்லை. "பெத்தவ பாத்தா வயிறு எரியாது? ஒரு ஸ்டூலைப் போட்டாத்தான் என்னவாம்?" கேமரா அவரை விட்டு நகரும்போதெல்லாம் அம்மா கீரையை உருவுவதை நிறுத்திவிட்டு, அவர் திரும்ப வரும்வரை காத்திருந்தாள். அவரைக் குறைவாகத்தான் காட்டினார்கள்.

அன்றைக்கு அவர்கள் பேசியதில் பாதி எனக்கு மண்டையில் ஏறவில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். உக்ரைனுக்குப் பணம் கொடுப்பதா வேண்டாமா, கருக்கலைப்புக்கு நாடு முழுக்க ஒரே சட்டமா மாநிலத்துக்கு மாநிலம் வேறா என்று கேள்வி மேல் கேள்வி. பதில் சொல்ல ஒரு நிமிஷம், அதன் பிறகு மணி. நம் பட்டிமன்ற மணியாவது ஒரு மரியாதைக்குக் காத்திருக்கும், இங்கே மணி அடித்த பிறகுதான் எல்லாருக்கும் பேச்சு சூடுபிடித்தது. ராமசாமி எடுத்த எடுப்பில், யார் இந்த ஒல்லிப்பயல், வாயில் நுழையாத பெயரோடு நடுமேடையில் என்ன செய்கிறான் என்றுதானே கேட்கிறீர்கள் என்கிற மாதிரி ஆரம்பித்தார். நியூ ஜெர்சியின் முன்னாள் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி விடுவாரா? இப்படி ஆரம்பித்த இன்னொருவர் ஒபாமா, இவரும் அவரைப்போல் கத்துக்குட்டி என்றார், சாட்ஜிபிடி மாதிரிப் பேசுகிறார் என்றும் ஒரு போடு போட்டார். அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. பிறகு உக்ரைன் பேச்சில் ஹேலி ராமசாமியின் பக்கம் திரும்பி, உனக்கு வெளிநாட்டு விவகாரத்தில் அனுபவம் இல்லை, அது அப்படியே தெரிகிறது என்றதும் அரங்கம் அதிர்ந்தது. மதினி எழுந்துபோய் எல்லாருக்கும் இரண்டாவது காப்பி போட்டுக்கொண்டு வந்தாள், யாரும் கேட்காமலேயே. வெற்றிக் காப்பி.

எனக்கு இன்றுவரை கண்ணில் நிற்பது வேறு. டிரம்ப் அன்றைக்கு அந்த மேடையில் இல்லை. கணிப்புகளில் எல்லாரையும்விட மைல் கணக்கில் முன்னால் இருந்தவர், வரமாட்டேன் என்றுவிட்டார். விவாதம் ஆரம்பிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது தன் பேட்டி ஒன்றை இணையத்தில் விட்டுவிட்டார், அவ்வளவுதான். அவர் பெயரைச் சொல்லித்தான் ஒரு கேள்வி. அவருக்கு நீதிமன்றத்தில் தண்டனை ஆனாலும், கட்சி அவரையே நிறுத்தினால் ஆதரிப்பீர்களா, ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்.

எட்டாம் வகுப்பில் 'யார் ஹோம்வொர்க் செய்யலை, கை தூக்கு' என்று கேட்டால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதேதான் நடந்தது. ராமசாமியின் கை விசை வைத்த மாதிரி மேலே போனது. இன்னும் சில கைகள் எழுந்தன. அவருக்குப் பக்கத்தில் புளோரிடா கவர்னர் டிசாண்டிஸ். அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், பிறகு தூக்கினார். கிறிஸ்டியின் கை பாதிவரை வந்து, ஒரு விரல் மட்டும் ஆடியது. ஆர்கன்சாவின் முன்னாள் கவர்னர் ஆசா ஹட்சின்சன் தூக்கவே இல்லை.

"அந்த நடுவுல நிக்கவன் என்ன, ரெண்டு பக்கமும் பாத்துட்டுல்லா தூக்குதான்" என்றாள் அம்மா. என்ன கேள்வி என்றே தெரியாதவள். அண்ணன் திரும்ப ஓட்டிக் காட்டினான். ஆமாம், பார்த்துவிட்டுத்தான் தூக்கினார். நான் கேள்வியைக் கவனித்ததில் அவர் கழுத்தைத் தவறவிட்டிருந்தேன்.

எட்டரை மணிக்கு எல்லாம் முடிந்தது. யார் ஜெயித்தது? அண்ணன் ராமசாமி என்றான், ஆனால் குரலில் காலையில் இருந்த தெம்பு இல்லை. எல்லாரும் அவரைத்தானே போட்டு அடித்தார்கள், காய்த்த மரம்தானே கல்லடி படும் என்றான். மதினி ஹேலியைத் தவிர வேறு பெயரைச் சொல்லவில்லை. "அவரு எதுக்கு எல்லாத்துக்கும் சிரிக்காரு? ஏசினாலும் சிரிக்காரு" என்று ராமசாமியைப் பற்றி ஒரு குறை வைத்தாள். நான் டிரம்ப்பிடம் துணை ஜனாதிபதியாக இருந்த மைக் பென்ஸ் பரவாயில்லை என்று சொன்னேன். காரணம் கேட்டார்கள். எங்கள் பழைய ஹெட்மாஸ்டர் மாதிரி இருந்தார் என்பதுதான் உண்மையான காரணம், அதைச் சொல்லாமல் நிதானமாகப் பேசினார் என்று சமாளித்தேன். அம்மாவின் ஓட்டு ஒத்தைக் காலில் நின்றவருக்கு. அவர் என்ன பேசினார் என்று எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் நினைவில்லை.

அம்மாவைப் பார்த்துச் சிரிக்க முடியாது. 1967-ல் எம்ஜிஆர் கழுத்தில் கட்டோடு இருந்த போஸ்டரைப் பார்த்தவள். அப்போது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தே பரங்கிமலையில் ஜெயித்தார். அந்தப் போஸ்டரில் கொள்கை விளக்கமா இருந்தது?

பத்து மணி வாக்கில் எதிர்வீட்டு அண்ணாச்சி வழக்கம்போல் எங்கள் பேப்பரைப் படிக்க வந்தார். ரிட்டயர்டு கண்டக்டர். திருச்செந்தூர் ரூட்டில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்தவர், ஆள் எங்கே இறங்குவான் என்று மூஞ்சியைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பார். அண்ணன் விவாதக் கதை முழுவதையும் அவரிடம் ஒப்பித்தான். பொறுமையாகக் கேட்டார்.

"சரி வே. டிரம்ப் என்ன சொன்னாரு?"

"அவரு வரவே இல்ல அண்ணாச்சி."

"வரலியா? அப்ப அவருதாம் வே."

"அதெப்படிச் சொல்லுதீய?"

"எம்பத்து நாலுல எம்ஜிஆர் எங்கன இருந்தாரு? உங்க அமெரிக்காவுலல்லா இருந்தாரு."

அண்ணன் வாயடைத்துப்போனான். எனக்குச் சிலிர்த்துவிட்டது, ஏனென்றால் என் முதல் ஓட்டு அந்தத் தேர்தல்தான். அப்போது ஓட்டு வயது 21, எனக்குச் சரியாக 21. எம்ஜிஆர் புரூக்ளின் ஆஸ்பத்திரியில். ஆண்டிபட்டிப் பக்கம் ஒருநாள்கூட வரவில்லை. ஆஸ்பத்திரி அறையில் அவர் இருக்கிற வீடியோவைத்தான் ஊர் ஊராகப் போட்டார்கள். எங்கள் தெருமுக்கில் ஒரு டிவிப் பெட்டியை மேசைமேல் வைத்து ஓட்டியபோது, பெண்கள் அழுததும், பின்னால் இருந்த ஒரு ஆச்சி 'மெலிஞ்சுட்டாரே' என்றதும் இப்போதும் காதில் இருக்கிறது. எதிர்த்து நின்றவர்கள் தொண்டை வற்றப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இரண்டு சங்கதியும் ஒன்றில்லை என்று மதினி சண்டைக்கு வந்தாள். நோயாளிக்கு இரக்கப்படுவது வேறு, வழக்கு இருக்கிறவர் விவாதத்துக்கு வராமல் இருப்பது வேறு. அதுவும் சரிதான். அண்ணாச்சி பேப்பரை மடித்தார். "நான் நல்லது கெட்டது சொல்லல தாயி. ஆளு எங்க எறங்குவான்னு சொன்னேன்."

மறுநாள் விடியற்காலை நம் நேரம் ஐந்து மணிபோல, ஜார்ஜியா மாநிலத்து வழக்கில் டிரம்ப் அட்லாண்டா சிறையில் ஆஜராகி, அங்கே எடுத்த போட்டோ உலகம் முழுக்கச் சுற்றியது. எட்டுப் பேரின் பேச்சும் ஒரே நாளில் பழைய பேப்பர் ஆனது. அம்மா அந்தப் போட்டோவைக் கிட்டே வாங்கிப் பார்த்து, "இவன்தானா? என்னத்துக்கு இந்த முறை முறைக்கான்?" என்றாள், அவ்வளவுதான். அவளுக்கு ஓரத்து ஆள்தான் முக்கியம்.

அந்த வாரம் வாஷிங்டன் போஸ்ட்டும் இப்சோஸும் சேர்ந்து எடுத்த கணக்கு ஒன்றை அண்ணன் காட்டினான். விவாதம் பார்த்த கட்சிக்காரர்களிடம் யார் நன்றாகச் செய்தது என்று கேட்டிருக்கிறார்கள். டிசாண்டிஸ் 29 சதவீதம், ராமசாமி 26, ஹேலி 15. பக்கவாட்டில் பார்த்துவிட்டுக் கை தூக்கினவர்தான் முதலிடம்! எங்கள் வீட்டில் அவருக்கு ஒரு ஓட்டுக்கூட இல்லை. பூத்தில் உட்கார்ந்த காலத்திலும் இப்படித்தான். எங்கள் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் யாருக்கு விழும் என்று நாங்கள் டீச்சர்கள் மனசுக்குள் கணக்குப் போட்டிருப்போம், ஓட்டு எண்ணுகிற அன்றைக்கு ஒருமுறைகூடப் பலித்ததில்லை.

செப்டம்பர் முதல் வாரம் அண்ணனும் மதினியும் கிளம்பிப் போனார்கள். டிசம்பர் 17, 18-ல் இங்கே வானம் பொத்துக்கொண்டு ஊற்றி, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு தண்ணீரில் நின்றதே, அப்போது மூன்று நாள் போன் கிடைக்காமல் அங்கே தவித்திருக்கிறார்கள். அரசியல் பேசவே இல்லை.

ஜனவரி 16, மாட்டுப்பொங்கல் காலை. அடுப்பில் பனங்கிழங்கு வெந்துகொண்டிருந்தபோது அண்ணன் வீடியோவில் வந்தான். அங்கே 15-ஆம் தேதி ராத்திரி, காக்கஸ், அதாவது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்காரர்கள் கூடுகிற கூட்டம், முடிந்து காரில் உட்கார்ந்திருந்தான். எலும்பை உடைக்கிற குளிர், இதுவரை நடந்த காக்கஸிலேயே இதுதான் அதிகக் குளிர் என்றான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூடி, ஒவ்வொருவருக்காகவும் ஒருவர் எழுந்து இரண்டு வார்த்தை பேசி, அப்புறம் துண்டுச்சீட்டில் பெயரை எழுதிக் கொடுத்தார்களாம். மை இல்லை, மெஷின் இல்லை. எனக்குப் பதறியது. வாக்காளர்கள் கையெழுத்துப் போடுகிற 17ஏ பதிவேட்டில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதற்கு ராத்திரி பதினொன்று வரை உட்காரவைத்த ஊர் நம் ஊர்.

முடிவு அன்றே வந்தது. டிரம்ப் 51 சதவீதம். டிசாண்டிஸ் 21, ஹேலி 19. ராமசாமிக்கு எட்டுகூட இல்லை, அன்று ராத்திரியே போட்டியிலிருந்து விலகிவிட்டார். அண்ணாச்சியிடம் சொன்னேன். 'ம்' என்றார், அவ்வளவுதான், கிழங்கு வெந்துவிட்டதா என்று கேட்டார்.

நீ யாருக்குப் போட்டாய் என்று அண்ணனைக் கேட்டேன். "எல்லாத்தையும் சொல்ல முடியாது பிள்ள, ரகசிய ஓட்டு" என்றான். பக்கத்து சீட்டில் மதினி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள்.

அம்மா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "எய்யா, அந்த ஒத்தைக் கால்ல நின்னானே, அவனுக்கு எத்தனை ஓட்டு?"

"அவரு டிசம்பர்லேயே விலகிட்டாரும்மா."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"கால் சரியாயிட்டாமா?"